நந்தாதேவி: ஏறியவரும் சுமந்தவரும்



இவ்வாண்டு மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று எழுதித் தரவேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் என்னைப் பணித்தபோது பெரிதும் தயங்கினேன். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பார்சல் ஆபீஸில் மூட்டைகளை எடைபோட்டு வே-பில் எழுதிவரும் ஒரு குமாஸ்தா நான். மலையேறும் வல்லமை எனக்கில்லை. நம் நிலையத்து மேம்பாலப் படிகளே எனக்கு இமயமாகத் தோன்றுகின்றன. ஆயினும், சென்ற ஐப்பசியில் நம் காலனிக் குடும்பங்கள் ஆறு சேர்ந்து காட்கோதாம் வழியாகக் கௌசானிக்குச் சென்றுவந்த நாள்முதல், அங்குக் கண்ட ஒரு காட்சி என் மனத்தை விட்டு அகலவில்லை. அதுபற்றி நம் சங்க நூலகத்திலும் பிறவிடங்களிலும் கிடைத்த நூல்களைத் தேடிப் படித்தேன். படித்தவற்றுள் நம்மவர் அறிய வேண்டியவற்றை இங்கே தொகுத்துரைக்கிறேன். குற்றம் காண்பின் பொறுத்தருள்க.

காட்கோதாம் என்னும் பெயருக்கு மரக்கிடங்கு என்பது பொருள். மலையினின்று வெட்டி இறக்கிய மரங்களை அடுக்கி வைத்த இடம் அது. 1884-ஆம் ஆண்டு அங்கு ரயில் வந்து சேர்ந்தது. தண்டவாளம் அங்கே முடிகிறது. அதற்கு அப்பால் மலையே. நாங்கள் பஸ் ஏறி, அல்மோரா வழியாக ஒரு பகற்பொழுது முழுதும் வளைந்து வளைந்து ஏறி, இருட்டிய பின் கௌசானியை அடைந்தோம். 1929-ஆம் ஆண்டில் காந்தியடிகள் தங்கிக் கீதைக்கு உரை எழுதிய ஊர் அது. இரவில் குளிரைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. விடியற்காலையில் என் இளைய மகன் வந்து எழுப்பினான். “அப்பா, வானத்திலே மலை தெரிகிறது” என்றான். வெளியே சென்று பார்த்தேன். பள்ளத்தாக்கு முழுதும் மூடுபனி வெள்ளமாய்க் கிடந்தது. அதற்கு மேல் நீலநிறத்து மலைவரிசைகள். அவற்றுக்கும் மேல், மேகம் இருக்க வேண்டிய இடத்தில், வெண்பனி மலைகள் வரிசையாய் நின்றன. நடுவே மூன்று முனைகளோடு திரிசூல். அதற்கு வலப்புறம் சற்றே பின்வாங்கி, மற்ற மலைகளின் தோள்களுக்கு மேலே தலைகாட்டி நின்றது நந்தாதேவி. கதிரவன் ஒளி முதலில் அதன் உச்சியில்தான் பட்டது. நாங்கள் இருபத்துநால்வரும் நெடுநேரம் பேச்சற்று நின்றோம்.

மலையும் மதிலும்

நந்தாதேவியின் உயரம் 7,816 மீட்டர், அதாவது 25,643 அடி. காஞ்சன்ஜங்கா இதனினும் உயர்ந்ததாயினும் நேபாள எல்லையின்மேல் நிற்பது. கடுவால், குமாவூன் என்னும் இரு நாடுகளின் நடுவே, முழுவதும் நம் நாட்டினுள்ளேயே நிற்கும் நந்தாதேவிதான் அப்பகுதி மலைகளுக்கெல்லாம் அரசி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதுவே உலகில் மிக உயர்ந்த மலை என்றுகூடச் சில காலம் எண்ணினர். பின்னர்த் தவளகிரியும், அதன்பின் மற்றவையும் அளக்கப்பட்டபோது அந்தப் பெருமை மாறிற்று.

இந்த மலைகளை அளந்த வேலைக்கும் நம் தமிழ்நாட்டுக்கும் மெய்யான ஒரு தொடர்பு உண்டு. இந்தியாவை முக்கோணங்களாகப் பகுத்து அளக்கும் பெரும்பணியை லாம்டன் என்னும் அதிகாரி 1802-ஆம் ஆண்டில் நம் பரங்கிமலையின் அருகேதான் தொடங்கினார். ஏழரை மைல் நீளத்துக்குத் தரையில் சங்கிலி பிடித்து அளந்ததே அதன் அடிக்கோடு. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின்மேல் அவருடைய பெரிய அளவைக் கருவியை ஏற்றும்போது அது மோதிச் சேதமுற்றதும், அதை அவர் வாரக்கணக்கில் பொறுமையுடன் செப்பனிட்டதும் படிக்கச் சுவையானவை. அவ்வாறு தெற்கே தொடங்கிய முக்கோணச் சங்கிலி, அவருக்குப் பின் எவரெஸ்ட் என்பவர் காலத்தில் டேராடூன் வரை சென்றது. பரங்கிமலையில் முளையடித்த கயிற்றின் மறுமுனை இமயத்தில் கட்டப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது.

நந்தாதேவிக்கு மற்றெந்த மலைக்கும் இல்லாத ஒரு சிறப்புண்டு. கோட்டைக்கு மதில்போல் அதைச் சுற்றிலும் எழுபது மைல் அளவுக்குப் பனிமலைகள் வளைந்து நிற்கின்றன. அம்மதிலில் ஏறக்குறைய 18,000 அடிக்குக் குறைந்த தாழ்வான இடமே இல்லை. மேற்கே ஒரே ஓர் இடத்தில் மட்டும் ரிஷிகங்கை என்னும் ஆறு மலையைப் பிளந்துகொண்டு வெளிவருகிறது. அந்தப் பிளவும் வழியன்று. இருபுறமும் செங்குத்தான பாறை, அடியிலே நுரைத்தோடும் வெள்ளம். ரேணி என்னும் சிற்றூரின் அருகே ரிஷிகங்கை தௌலிகங்கையோடு கலக்கிறது. மலைநாட்டார் நந்தையைத் தங்கள் குலமகளாகவும் தெய்வமாகவும் கொண்டாடுகின்றனர். அவள் பிறந்தகத்திலிருந்து கணவனாகிய சிவன் வீட்டுக்குச் செல்வதாகப் பாவித்து, நாற்கொம்புள்ள ஆட்டுக்கடாவை முன்னே விட்டு, பனிமலை ஓரம் வரை நடந்து செல்லும் ராஜ்ஜாத் என்னும் பெருவிழா, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்னும் மரபினை உடையது. 2014-ஆம் ஆண்டிலும் அது சிறப்பாக நடந்தது. மகளை வழியனுப்பும் தாய்மார் அழுதுகொண்டே பாடுவராம். நம் ஊரில் பெண்ணைப் புக்ககம் அனுப்பும் காட்சி நம் கண்முன் வராமற் போகாது.

வழி தேடியவர்கள்

1830-ஆம் ஆண்டில் குமாவூன் கமிஷனராயிருந்த டிரெய்ல் என்பவர் நந்தாதேவிக்கும் நந்தாகோட்டுக்கும் இடையிலான பனிக்கணவாய் ஒன்றைக் கடந்தார். இன்றும் தேசப்படங்களில் அதன் பெயர் டிரெய்ல் கணவாய் என்றே உள்ளது. ஆயின் அவ்வழியை அறிந்து முன்னே நடந்து காட்டியவர் சூபி கிராமத்து மலக் சிங் என்னும் மலைவாசி. பனியின் கூச்சத்தால் டிரெய்லுக்குக் கண் மங்கிற்றென்றும், அது தேவியின் சினமென்று ஊரார் கூறியதால் அவர் அல்மோராக் கோயிலுக்குக் காணிக்கை செலுத்தினாரென்றும் செவிவழிச் செய்தி ஒன்றுண்டு.

1883-இல் கிரஹாம் என்னும் ஆங்கிலேயர் சுவிட்சர்லாந்து வழிகாட்டிகளோடு வந்து ரிஷிகங்கைப் பிளவினுள் நுழைய முயன்று தோற்றார். 1905-இல் லாங்ஸ்டாஃப் என்னும் மருத்துவர் கிழக்குப் புறமாக ஏறி, 19,000 அடிக்கு மேற்பட்ட மதில் விளிம்பில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார், இறங்க வழியில்லை. அவரே 1907 ஜூன் 12-ஆம் நாள், பிரோசெரல் சகோதரர் இருவரோடும் கர்பீர் என்னும் கூர்க்கா வீரரோடும் திரிசூலின் உச்சியை அடைந்தார். ஒரே நாளில் சுமார் 6,000 அடி ஏறினர் என்பது இன்றும் மலையேறிகளை வியப்பிலாழ்த்துகிறது. 7,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரம் ஒன்றில் மனிதன் கால் வைத்தது அதுவே முதன்முறை. அல்மோராவில் துணைக் கமிஷனராக இருந்த ரட்லெட்ஜ் என்பவர் அதன்பின் பன்முறை முயன்றும் உள்மதிலைக் கடக்க இயலவில்லை.

1931-இல் ஸ்மைத் என்பவரின் தலைமையில் ஒரு குழு காமெட் சிகரத்துக்குச் சென்றது. அதன் உயரம் 7,756 மீட்டர். கடுவால், குமாவூன் பகுதியில் நந்தாதேவிக்கு அடுத்தபடி அதுவே. ஜூன் 21-ஆம் நாள் ஸ்மைத், ஷிப்டன், ஹோல்ட்ஸ்வொர்த் ஆகிய மூவரும், லேவா என்னும் ஷெர்ப்பாத் தலைவரும் உச்சியை நெருங்கினர். கடைசி அடியை வைக்கும் முன் மூவரும் லேவாவை முன்னே விட்டு, முதலில் உச்சியில் நிற்கச் செய்தனர். சுமை தூக்கியவர்களின் உழைப்புக்கு அது அவர்கள் செய்த மரியாதை. உறைபனியால் லேவாவின் கால்கள் கேடுற்றன. இரண்டு நாட்களுக்குப் பின் மற்றிருவரோடு உச்சியை அடைந்த கேசர் சிங், அந்நாட்டிலேயே கூலிக்கு அமர்த்தப்பட்ட சுமைதூக்கி. 1933-இல் திரிசூலின்மேல் இரண்டாம் முறை மனிதர் ஏறியபோதும் ஆலிவர் என்னும் ராணுவ அதிகாரியோடு உச்சியில் நின்றவர் இதே கேசர் சிங்தான்.

காமெட்டிலிருந்து திரும்பும் வழியில் ஸ்மைத்தின் குழுவினர் பியூந்தர் கணவாயைக் கடந்து, மழையில் நனைந்து ஒரு பள்ளத்தாக்கில் இறங்கினர். அங்கே கால் வைக்கவும் இடமின்றி எங்கும் மலர்கள். அதுவே இன்று உலகெங்கும் பூப்பள்ளத்தாக்கு என்று புகழ்பெற்றிருப்பது. 1937-இல் ஸ்மைத் மீண்டும் வந்து பல வாரங்கள் தங்கி, விதைகளும் கிழங்குகளும் சேகரித்தார். 1939-இல் மலர்களை ஆராய வந்த ஜோன் மார்கரெட் லெக் என்னும் அம்மையார் பாறைச் சரிவில் தவறி வீழ்ந்து இறந்தார். அவருடைய கல்லறை அப்பூக்களின் நடுவிலேயே இருக்கிறது.

ஐவர் திறந்த கதவு

இனி இச்சரித்திரத்தின் மிக உயர்ந்த பகுதிக்கு வருகிறேன். 1934-ஆம் ஆண்டில் ஷிப்டன், டில்மன் என்னும் இரு நண்பர்கள் சரக்குக் கப்பலில் கல்கத்தா வந்திறங்கினர். அக்காலத்துப் பெருங்குழுக்கள் நூற்றுக்கணக்கான கூலிகளோடும் பெட்டி பெட்டியாக டின் உணவுகளோடும் படையெடுப்பதுபோல் செல்வது வழக்கம். இவ்விருவரோ ஆங்தார்க்கே, பசாங், குசாங் என்னும் மூன்று ஷெர்ப்பாக்களை மட்டும் துணைகொண்டனர். அவர்கள் உண்பதையே உண்டு, அவர்களோடு சேர்ந்தே சுமந்து நடந்தனர்.

ரிஷிகங்கைப் பிளவின் கடைசிச் சில மைல்களைக் கடக்க நாட்கணக்காயிற்று. ஆற்றின் இருபுறமும் மாறி மாறிப் பாறை விளிம்புகளைத் தேடி, ஓர் ஆள் ஒட்டிச் செல்லுமளவே உள்ள இடங்களில் கயிறு கட்டிச் சுமைகளை இழுத்து, முன்னும் பின்னுமாய்ப் பலமுறை நடந்தனர். ஒருநாள் பாறை முடிந்தது. எதிரே பசும்புல்வெளி விரிந்தது. மனிதன் நுழைந்ததாக வரலாற்றில் பதிவே இல்லாத நந்தாதேவியின் உள்முற்றத்தில் அவ்வைவரும் நின்றனர்.

அங்கே அவர்களை எதிர்கொண்டவை பாரல் என்னும் மலையாட்டுக் கூட்டங்கள். பாரல் நீலச்சாம்பல் நிறமுடையது; பாறையோடு பாறையாய்க் கலந்து நிற்பது; செம்மறியுமன்று, வெள்ளாடுமன்று எனப் பிராணி நூலாரைக் குழப்புவது. வேட்டைக்காரனை அறியாத அவ்விலங்குகள் மனிதரைக் கண்டு வெருண்டோடாது அருகிலேயே மேய்ந்தன. அவற்றைத் தேடிவரும் பனிச்சிறுத்தையும் அம்முற்றத்துக்கு உரியதே. கீழே காட்டுப் பகுதியில் கஸ்தூரி மானும், கருங்கரடியும், நம் நீலகிரி வரையாட்டை ஒத்த தார் என்னும் ஆடும் வாழ்கின்றன. தேவதாரு, பனிதாங்கும் ஊசியிலை மரங்கள், அவற்றுக்கு மேலே பண்டைக்காலத்தில் ஓலைபோல் எழுதப் பயன்பட்ட பட்டையையுடைய பூர்ஜ மரம், அதற்கும் மேலே குட்டையாய்ப் படரும் ஜூனிப்பர், பின்பு புல், பின்பு பாறை, பின்பு பனி — இவ்வாறு படிப்படியாக மலை தன் ஆடையை மாற்றிக்கொள்கிறது. ஏழு நிறமும் மின்ன மோனால் பறவை சரிவில் பாய்ந்து இறங்கும். தாடி வைத்த பெருங்கழுகு இறக்கை அசையாமல் வட்டமிடும். ஆவணி மாதத்தில் பாறை இடுக்குகளில் பிரம்மகமலம் பூக்கும். அதுவே தேவியின் பூசைக்குரிய மலர்.

அவ்வைவரும் உள்முற்றத்தின் வடபாகத்தைப் படமெடுத்து அளந்தபின் மழைக்காலத்தில் வெளியேறி, செப்டம்பரில் மறுபடியும் நுழைந்து தென்பாகத்தையும் அளந்து, தெற்கு மதிலைக் கடந்து வெளிவந்தனர். உச்சிக்கு ஏற முயலவில்லை. வழியை மட்டும் கண்டுகொண்டனர்.

இரண்டாண்டுகளுக்குப் பின், ஆங்கிலேயரும் அமெரிக்கரும் சேர்ந்த ஒரு குழு வந்தது. பத்ரிநாத்துக்கு அப்பாலுள்ள மானா கிராமத்து மக்கள் சுமை சுமந்தனர். ஷெர்ப்பாக்களிற் பெரும்பாலோர் நோயுற்றனர். அதனால் மேல்முகாம்களுக்கு மலையேறிகளே தங்கள் மூட்டைகளைச் சுமந்தனர். கடைசி முகாமில் ஹூஸ்டன் என்பவர் டின் இறைச்சி உண்டு நோயுற, அவர் இடத்தில் டில்மன் ஏறினார். 1936 ஆகஸ்ட் 29-ஆம் நாள் டில்மனும், ஓடெல் என்னும் நிலநூல் பேராசிரியரும் உச்சியை அடைந்தனர். அதன்பின் பதினான்கு ஆண்டுகள், 1950-இல் அன்னபூர்ணா ஏறப்படும்வரை, மனிதர் ஏறிய சிகரங்களில் அதுவே உயர்ந்ததாயிருந்தது.

இக்குழு செய்த ஒரு காரியம் என் மனத்தைக் கவர்ந்தது. உச்சியை அடைந்தவர் இன்னார் என்று முதலில் கூறாமல், இருவர் அடைந்தனர் என்று மட்டும் உலகுக்குத் தெரிவிப்பதென முடிவு செய்தனர். வெற்றி அனைவருக்கும் உரியது என்பது கருத்து. உயர்ந்த கருத்தே. ஆனால் அதே மலையின் அடியில், அதே நாட்களில், கீதார் என்னும் முதிய ஷெர்ப்பா வயிற்றுக்கடுப்பால் உயிர்நீத்தார். பல பெரும்பயணங்களில் சுமை சுமந்தவர் அவர். வெற்றியின் பெயரை மறைப்பது பெருந்தன்மை. கீதாரின் பெயரோ யாரும் மறைக்காமலே மறைந்தது. அப்பயணத்தின் ஷெர்ப்பாத் தலைவர் பசாங் கிகுலி, மூன்றாண்டுகள் கழித்துக் கே-2 மலையில் சிக்கிய ஒருவரை மீட்கச் சென்று திரும்பவே இல்லை.

நம்மவர் ஏறிய காலம்

1939-இல் போலந்து நாட்டார் கிழக்கு நந்தாதேவியை ஏறினர். 1951-இல் இரு சிகரங்களுக்கும் இடைப்பட்ட கத்திமுனை போன்ற விளிம்பைக் கடக்க முயன்ற டூப்ளா, விஞ் என்னும் பிரெஞ்சுக்காரர் இருவர் மேகத்துள் மறைந்தனர். அவர்களைத் தேடிக் கிழக்குச் சிகரத்தின் உச்சிவரை ஏறியவர் டென்சிங். இரண்டாண்டுகளுக்குப் பின் எவரெஸ்டை வென்ற அவரே, தம் வாழ்வில் மிகக் கடினமான ஏற்றம் இதுதான் எனக் கூறியிருக்கிறார்.

அதே 1951-இல் டூன் பள்ளி ஆசிரியர் குர்தயாள் சிங் திரிசூலின் உச்சியை அடைந்து, அங்கே சிரசாசனம் செய்தார்! இந்தியர் தாமே தலைமை தாங்கிச் செய்த மலையேற்றத்தின் தொடக்கம் அதுவென்பர். 1954-இல் டார்ஜிலிங்கில் மலையேற்றப் பயிற்சி நிலையம் ஏற்பட்டது. 1964 ஜூனில், என். குமார் தலைமையில் சென்ற இந்தியக் குழுவின் நவாங் கோம்புவும் தாவா நோர்புவும் நந்தாதேவியின் முதன்மைச் சிகரத்தில் நின்றனர். அவ்விருவரும் ஷெர்ப்பா மரபினர் என்பதை நினைவிற்கொள்க. தந்தையர் தலைமுறை சுமைக்காக ஏறிய மலைகளில் மைந்தர் உச்சிக்காக ஏறினர்.

அடுத்து நடந்ததை எழுத மனம் கூசுகிறது. 1964 அக்டோபரில் சீனா அணுகுண்டு வெடித்தது. அதை உளவறியும் பொருட்டு, அமெரிக்க உளவுத்துறையும் நம் நாட்டு உளவுத்துறையும் சேர்ந்து, புளூட்டோனியத்தால் இயங்கும் கருவி ஒன்றை நந்தாதேவியின் உச்சியில் வைக்கத் திட்டமிட்டன. 1965-இல் எம். எஸ். கோலி தலைமையில் குழு சென்றது. பனிப்புயல் வந்ததால் கருவியை வழியிலேயே பாறையில் கட்டிவைத்துவிட்டு இறங்கினர். மறுவருஷம் சென்றபோது அது அங்கில்லை, பனிச்சரிவில் போயிற்று. பல பருவங்கள் தேடியும் இன்றுவரை கிடைக்கவில்லை. 1978-இல் செய்தி வெளிவந்து, பிரதமர் மொரார்ஜி தேசாய் பாராளுமன்றத்தில் உண்மையை ஒப்புக்கொண்டார். அக்கருவி வெதுவெதுப்பாயிருந்ததால், குளிரில் வாடிய சுமைதூக்கிகள் அதைச் சுமக்கத் தாமே போட்டியிட்டு முன்வந்தனர் என்று அப்பயணத்தோடு தொடர்புடையோர் பின்னாளில் கூறியுள்ளனர். தாம் சுமப்பது இன்னதென்று அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு மூட்டையின்மேலும் உள்ளிருக்கும் சரக்கு இன்னதென எழுதிவரும் எனக்கு, இதைப் படித்த இரவு உறக்கம் வரவில்லை.

மரமும் மலையும் வெள்ளமும்

ரேணிக் கிராமத்தின் பெயர் உலகறிந்தது 1974 மார்ச் 26-ஆம் நாள். அங்கே இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மரங்கள் ஏலம் விடப்பட்டிருந்தன. ஆண்கள் வெளியூர் சென்றிருந்த வேளையில் வெட்டுவோர் வந்தனர். கௌரா தேவி என்னும் ஏழை விதவை இருபத்தேழு பெண்களோடு காட்டுக்குள் சென்று, மரங்களுக்கு முன்னே நின்று தடுத்தார். வெட்டுவோர் திரும்பிச் சென்றனர். பின்னர் அப்பகுதியில் பத்தாண்டுகளுக்கு மரம் வெட்டத் தடை ஏற்பட்டது. இதுவே சிப்கோ இயக்கத்தின் புகழ்மிக்க நாள். ரயில்வே ஊழியராகிய நாம் இதில் ஒன்றை நினைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். கடுவால் மலைகளின் தேவதாருக் காடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெருமளவு வீழ்ந்தது, இருப்புப்பாதைக்குச் சிலீப்பர் கட்டை வேண்டியிருந்தமையாற்றான். நமக்குச் சோறிடும் பாதையின் கீழே அம்மலையின் மரங்கள் கிடந்தன.

1974-இல் அயல்நாட்டாருக்கும் வழி திறந்ததால் மலையேறிகள் கூட்டங்கூட்டமாக வந்தனர். 1976-இல், இம்மலையின் அழகில் ஈடுபட்ட தந்தையால் நந்தாதேவி என்றே பெயரிடப்பட்ட அமெரிக்கப் பெண், தந்தையோடு ஏறிவந்து, 22 வயதில் மேல்முகாமில் உயிர்நீத்தாள். இதற்கிடையே உள்முற்றத்தில் குப்பை குவிந்தது, ஜூனிப்பர் விறகாயிற்று, கஸ்தூரிக்காக மான்கள் கொல்லப்பட்டன. ஷிப்டன் கண்ட காலத்தில் மனிதனுக்கு அஞ்சாத பாரல்கள், மனிதனைக் கண்டால் ஓடக் கற்றுக்கொண்டன. 1982-இல் அரசாங்கம் அதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. அடுத்த ஆண்டு உள்முற்றம் அனைவருக்கும் மூடப்பட்டது. 1988-இல் அது உலக மரபுச் செல்வமாயிற்று. 1993-இல் ராணுவ வீரர் சென்று குப்பையை அகற்றினர். அவ்வாண்டிலும் 2003-இலும் சென்ற ஆய்வாளர் புல்லும் விலங்கும் மீண்டு தழைப்பதைக் கண்டனர்.

ஆனால் கதவு மூடியபோது, ரேணி, லாதா முதலிய ஊரார் மேய்ச்சல் நிலத்தையும், சுமைகூலியையும் இழந்தனர். மரத்தைக் காத்தவர்களே காட்டுக்கு அயலாராயினர். 2003-இல் வெளிப்பகுதியில் குறிப்பிட்ட எல்லை வரை, சிறு தொகையினர் மட்டும், அவ்வூரார் துணையோடு செல்ல அனுமதி பிறந்தது. மலையையும் காத்து மக்களையும் காப்பது எப்படி என்னும் வினாவுக்கு இன்னும் முழுமையான விடை கிடைக்கவில்லை.

2021 பிப்ரவரி 7-ஆம் நாள் காலை, ரோந்தி மலையிலிருந்து பாறையும் பனியும் பெருந்துண்டாகப் பெயர்ந்து சுமார் 1,800 மீட்டர் வீழ்ந்து, ரிஷிகங்கையில் சேறும் கல்லுமான வெள்ளமாய்ப் பாய்ந்தது. ரேணியை அடுத்த மின் நிலையம் அழிந்தது. தபோவனத்தில் சுரங்கத்துள் வேலை செய்தவர்கள் சிக்கினர். இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போயினர். அவர்களிற் பெரும்பாலோர் அணைகளில் கூலிக்கு வேலை செய்தவர்கள். அச்சமுற்ற ஊரார் தொலைந்த அணுக்கருவியை நினைத்தனர். பாறையும் பனியுமே காரணம் என்று விஞ்ஞானிகள் நிறுவினர்.

பெயர் எழுதும் கட்டம்

அன்பர்களே, நம் பார்சல் வே-பில்லில் அனுப்புபவர் பெயருக்கு இடமுண்டு, பெறுபவர் பெயருக்கு இடமுண்டு, எடைக்கும் சரக்குக்கும் கூலிக்கும் இடமுண்டு. சுமப்பவன் பெயருக்கு இடமில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் ஒன்பது ஆண்டுகள் எங்கள் ஆபீஸ் வாயிலில் மூட்டை தூக்கிய முதியவர் ஒருவர் இருந்தார். மேற்கு நேபாள மலைநாட்டவர். அவரைப் பில்லை எண்ணால் மட்டுமே அழைத்துவந்தேன். 2012-ஆம் ஆண்டுத் தை மாதக் குளிரில் அவர் பிளாட்பாரத்தில் மயங்கி வீழ்ந்தார். மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். சீட்டு எழுதுபவர் பெயரைக் கேட்டார். எண்ணைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒன்பது ஆண்டுகள் என் கையால் கூலி கொடுத்தவருடைய பெயர் எனக்குத் தெரியவில்லை. மற்றொரு சுமைதூக்கி ஓடிவந்து சொன்ன பின்பே சீட்டு நிறைந்தது. மூன்றாம் நாள் அவர் காலமானார். அவர் பெயரை அன்றே என் நாட்குறிப்பில் எழுதிவைத்தேன். அது அவருக்கு எவ்விதத்திலும் உதவவில்லை.

சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குச் சிலை எடுக்க இமயத்தினின்று கல் கொணர்ந்தான் எனச் சிலப்பதிகாரம் கூறும். அந்தக் கல்லைத் தலைமேல் சுமந்தவர் கனகனும் விசயனும் என்று அந்நூல் பெயரோடு சொல்கிறது. அவர்கள் அரசர்கள், ஆகையால் பெயர் நின்றது. அரசரல்லாதார் பெயரும் நிற்க வேண்டுமாயின், அதை நாம்தான் கேட்டு எழுத வேண்டும்.

வரும் ஐப்பசியில் நம் சங்கம் மீண்டும் கௌசானிக்குச் செல்ல இருப்பதாக அறிகிறேன். குழந்தைகள் அனைவரையும் அழைத்துச் செல்லுங்கள். விடியலுக்கு முன் எழுப்பித் திரிசூலையும் நந்தாதேவியையும் காட்டுங்கள். டில்மன் பெயரையும் டென்சிங் பெயரையும் சொல்லுங்கள். கேசர் சிங், கீதார், கௌரா தேவி ஆகிய பெயர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். பஸ் நிலையத்தில் நம் படுக்கைகளைத் தூக்கிவரும் மலைநாட்டவரிடம் கூலி பேசுமுன் பெயரைக் கேளுங்கள். சென்ற முறை என் மகன் கேட்டான். அந்த இளைஞர் தம் பெயரைச் சொல்லி, மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, இவன் பெயரையும் கேட்டார்.

சங்கம் வாழ்க! தமிழ் வாழ்க!